தாத்தா பட்டறையின் ரெக்கார்டு வைஸ்: எடைக்குப் போடுவதா, சரிசெய்வதா?

கேள்வி இது: "தாத்தாவின் லேத் பட்டறையைக் காலி செய்தபோது ஒரு பழைய பெஞ்ச் வைஸ், அதாவது மேசையில் பொருத்தி இரண்டு தாடைகளுக்கு நடுவே சாமானை இறுக்கிப் பிடிக்கும் கருவி, கிடைத்தது. பக்கவாட்டில் 'ரெக்கார்டு நம்பர் 5, மேட் இன் இங்கிலாந்து' என்று வார்ப்பிலேயே எழுத்து இருக்கிறது. உடம்பெல்லாம் துரு. கைப்பிடி அசையவில்லை. ஒரு பக்கத் தாடைத் தகட்டைக் காணோம். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். இதைச் சரிசெய்ய முடியுமா? இந்த மாதிரி வைஸ்களைச் சேர்க்கிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?"

எடைக்குப் போட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் வீட்டிலேயே, கொஞ்சம் லேத்காரர் உதவியோடு, சரிசெய்யக் கூடியவை. பழைய வைஸை உண்மையில் கொல்வது விரிசல்தான். அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அதனால் கையில் வயர் பிரஷ் எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் துரு எடுத்த பிறகு அழுகை வரும்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு என்பது ஷெஃபீல்டில் 1898-ல் தொடங்கிய சி அண்ட் ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். 1970-களில் அது ரிட்ஜ்வே நிறுவனத்தோடு சேர்ந்தது, பிற்பாடு கைமாறி இர்வின் பெயருக்குள் போய்விட்டது. வைஸ் மேலே இருக்கும் எண்ணும் தாடை அகலமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. நம்பர் 3 என்றால் 4 அங்குலத் தாடை. நம்பர் 5-க்கு 5 அங்குலம், நம்பர் 6-க்கு 6 அங்குலம். வீட்டுப் பட்டறைக்கு நம்பர் 3 போதும் என்பது என் கணக்கு. உங்களுக்குக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரியது, ஒரு நாள் முழுக்க அரம் போட்டாலும் அசையாத சாமான்.

அந்த அசையாமை வார்ப்பிரும்பு தருவது. எடை அதிகம், அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்ளும், அழுத்தினால் தாங்கும். இழுத்தால் மட்டும் தாங்காது. வைஸை இறுக்கும்போது பிடித்திருக்கும் பொருள் இரண்டு தாடைகளையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகிறது. அப்போது தாடை, கீழே உள்ள உடலிலிருந்து மேலே எழும்பும் உள்மூலையில்தான் இழுவிசை முழுவதும் விழும். யாராவது கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்கியிருந்தாலோ, வைஸை அடைகல்லாக நினைத்துச் சம்மட்டி போட்டிருந்தாலோ விரிசல் அங்கேதான் கிளம்பும். அதை அடுத்து அடிப்பக்கம் போல்ட் போடும் காதுகள். கைப்பிடி வளைந்திருந்தால் அந்த வைஸ் எப்படி நடத்தப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம், உள்மூலையை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள்.

பார்க்கும் முறை பழையது, செலவில்லாதது. சந்தேகப்படும் இடத்தைத் துணியாலும் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளைத் தூவி அல்லது பூசி விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உதவும். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மந்தமாகத் தட்டுப்படும். பெயிண்ட்டுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக ஒரு பட்டை தெரிந்தால் ஏற்கெனவே யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

உள்மூலையில் விரிசல் இருந்தால் அதை ஒட்ட முடியும், ஆனால் ஒட்டிய வைஸை நம்பி முழு பலத்தில் இறுக்க முடியாது. சாதாரண ராடு போட்டு ஆர்க் வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். நிக்கல் ராடு போட்டு, முன்கூட்டியே சூடாக்கி, அப்புறம் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். எனக்கு நம்பிக்கை உள்ளது கேஸ் வைத்து ஊற்றும் பித்தளை ஒட்டுதான், காது உடைந்த வைஸுக்கு அது தாராளமாகப் போதும். தாடையே விரிந்தது என்றால் அதை உதிரி பாகங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விரிசல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது இறுகல். கைப்பிடி கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் ஸ்பிண்டிலும் (கைப்பிடியோடு சுழலும் மரைக் கம்பி) அது போய் மாட்டும் பாக்ஸ் நட்டும் துருவால் ஒட்டியிருக்கின்றன. கைப்பிடி ஒரு சிறிய அளவு ஆடி நின்றுவிடுகிறது என்றால் ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது, நகரும் தாடையின் தண்டு உடலுக்குள் இறுகியிருக்கிறது. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தும் தாடை வெளியே வரவில்லை என்றால் முன்பக்கம் ஸ்பிண்டிலைத் தாடையோடு கட்டிவைக்கும் வாஷரும் பின்னும் போயிருக்கும், அல்லது நட்டின் மரை தேய்ந்து போயிருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, எது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

உங்களுடையது முதல் வகை மாதிரித் தெரிகிறது. வைஸைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் பாக்ஸ் நட் தெரியும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான ஆயிலையும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனையும் சம அளவு கலந்து அந்த நட்டின் இரண்டு பக்கமும், தண்டின் ஓரங்களிலும் காலையும் மாலையும் ஊற்றிவாருங்கள். அசிட்டோன் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. நாலைந்து நாள் ஊறிய பிறகு, ஸ்பிண்டிலின் முன்தலையில் மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கைப்பிடியை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம் ஒரு மயிரிழை என்று மாற்றி மாற்றி அசையுங்கள். ஒரேயடியாகத் தளர்த்தும் பக்கமே இழுத்தால் துரு உதிராமல் மரைக்குள் குவிந்து இன்னும் இறுகும். குழாய் செருகும் ஆசை இங்கேதான் வரும், வேண்டாம். சூடு காட்டுவதென்றால் நட் உட்கார்ந்திருக்கும் பகுதியைச் சுற்றிலும் பரவலாக, கை வைக்க முடியாத அளவுக்கு மட்டும். வார்ப்பிரும்பில் ஒரே புள்ளியில் கேஸ் டார்ச்சைக் காட்டினால் வெடித்துவிடும்.

கழன்றதும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, தார் மாதிரி காய்ந்த கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் துருவுக்குப் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

துரு எடுக்க எனக்குப் பிடித்தது மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, 15 லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து மேஜைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், கட்டுமானக் கம்பித் துண்டுகள் நாலைந்து. சார்ஜரின் நெகட்டிவ் வைஸுக்கு, பாசிட்டிவ் கம்பிகளுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் உங்கள் வைஸ் கரையும். கம்பிகளை வைஸைச் சுற்றி நாலு பக்கமும் நிறுத்துங்கள், கம்பிக்கு நேராக இருக்கும் முகத்தில்தான் வேலை வேகமாக நடக்கும். கம்பியும் வைஸும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கம்பிக்குப் பதிலாகப் போடவே கூடாது, தண்ணீரில் விஷத்தன்மையுள்ள குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் திறந்த இடத்தில் வைக்க வேண்டும், கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும். இப்போது கடையில் விற்கும் 'ஸ்மார்ட்' சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லையென்று தெரிந்தால் மின்சாரமே விடாது, அதனால் பழைய டிரான்ஸ்பார்மர் வைத்த சார்ஜரைத் தேடுங்கள். இந்த முறையின் பெரிய நன்மை, நல்ல இரும்பை அது தின்னாது. ராத்திரி போட்டுவிட்டு மறந்து தூங்கினாலும் காலையில் வைஸ் இருக்கும்.

சின்னச் சாமான்களுக்கு மளிகைக் கடை லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம் போதும். ஒரு இரவுக்கு மேல் ஊறவிட வேண்டாம், அமிலம் துருவோடு இரும்பையும் கொஞ்சம் எடுக்கும். எடுத்ததும் சோடாத் தண்ணீரில் அலசுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்திலும் போடாதீர்கள், மின்பகுப்புத் தொட்டியிலும் போடாதீர்கள். கெட்டிப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வயர் பிரஷ்ஷும் எண்ணெயும் போதும் அதற்கு.

எந்த முறையானாலும் தண்ணீரை விட்டு வெளியே வந்த பத்தே நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் தடவிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிள் கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி உலர்வாகப் பறக்கவிடாதீர்கள். ரிமூவர் பூசி ஈரமாகச் சுரண்டி எடுங்கள், சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள், பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

இப்போது தாடைத் தகடு. புதுசு செய்வதற்கு முன் பழைய திருகின் மரையைப் பாருங்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். பழைய ஆங்கிலேய வைஸ்களில் இருப்பது விட்வொர்த் மரை, 55 டிகிரி கோணம். நம் கடைகளில் இப்போது கிடைப்பது மில்லிமீட்டர் மரை, 60 டிகிரி. உதாரணத்துக்கு, 5/16 அங்குலத் திருகு என்றால் 7.94 மி.மீ., ஆகவே அந்தத் துளையில் 8 மி.மீ. திருகான எம்8 இரண்டு சுற்று அழகாகப் போகும். ஆனால் அந்த அளவு விட்வொர்த்தில் ஒரு அங்குலத்துக்கு 18 மரை, எம்8-ல் ஏறக்குறைய 20. மூன்றாவது சுற்றில் பிடிக்கும். அதை ஸ்பேனர் போட்டுத் திருகினால் வார்ப்பில் இருக்கும் மரை போச்சு. மரை கேஜ் வைத்து அளந்து, பழைய ஹார்டுவேர் கடைகளில் அங்குலத் திருகு கேளுங்கள், இன்னும் வைத்திருக்கிறார்கள். துளைக்குள் அதே அளவு விட்வொர்த் டேப்பை (உள்மரை வெட்டும் கருவி) ஒரு முறை ஓட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

தகட்டை அசல் மாதிரியே செய்ய வேண்டுமென்றால் ஓ.எச்.என்.எஸ். எஃகு, அதாவது எண்ணெயில் அமிழ்த்திக் கெட்டிப்படுத்தும் கருவி எஃகு, வாங்குங்கள். இருக்கிற தகட்டை அளவுக்கு வைத்து அறுத்து, துளையும் தலை மறையும் பள்ளமும் போட்டு, பல் வெட்டி, பிறகுதான் கெட்டிப்படுத்த வேண்டும். சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, உடனே 250 டிகிரியில் டெம்பர் செய்யச் சொல்லுங்கள், அதாவது நொறுங்கும் தன்மை குறைய மறுபடி மிதமாகச் சூடாக்க வேண்டும். டெம்பர் செய்யாத தகடு ஒரு நாள் கையில் சில்லாகத் தெறிக்கும். ஆனால் நீங்கள் வீட்டில் அலுமினியம், பித்தளை, குழாய் என்று பிடிப்பவர் என்றால் இவ்வளவும் தேவையே இல்லை. சாதாரண மைல்ட் ஸ்டீலில் பல் இல்லாத மொழுமொழுத் தகடு இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். பிடித்த பொருளில் தழும்பு விழாது, தேய்ந்தால் மாற்றுவது சுலபம். அசல் தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

எந்தத் தகடானாலும் அது உட்காரும் படுகை சமமாக இருக்க வேண்டும். அங்கே துருவின் மேடு ஒன்று மிச்சம் இருந்தால் இறுக்கும்போது தகடு வளைந்து, கெட்டியானதாக இருந்தால் உடைந்துபோகும். தகட்டில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தடவிப் படுகையில் வைத்து எடுத்துப் பார்த்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் அரத்தால் தட்டி எடுங்கள். மாட்டிய பிறகு தாடையின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து மெல்ல இறுக்குங்கள். இரண்டும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இதே சோதனை. மேலே காகிதம் தளர்ந்து கீழே பிடித்தால் தாடை சாய்கிறது, தண்டும் அது ஓடும் பள்ளமும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள்.

இதனால்தான் தண்டைப் பளபளப்பாக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடியோக்களில் வைஸை முகம் பார்க்கும் கண்ணாடியாகப் பாலிஷ் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் ஃப்ளாப் டிஸ்க் போட்டு அவர்கள் தேய்த்து எடுப்பது, ஷெஃபீல்டில் இயந்திரம் வைத்துச் செய்த பொருத்தத்தை. பழைய வைஸில் காசு கொடுத்து வாங்கும் சமாசாரமே அந்தப் பொருத்தம்தான். தண்டில் துரு போனால் போதும், கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

பாக்ஸ் நட்டின் மரை பாதிக்கு மேல் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பும்போது கால் சுற்று வரை வெற்றாட்டம் இருப்பது பழைய வைஸுக்கு இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோவையிலோ அம்பத்தூரிலோ சதுர மரை வெட்டத் தெரிந்த வயதான டர்னர் ஒருவர் எப்படியும் கிடைப்பார். பழைய ஸ்பிண்டிலைக் கையில் கொடுத்து, கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) ஒரு நட் கேளுங்கள். இந்த வேலையில் நீங்கள் செய்யப்போகும் பெரிய செலவு அதுவாகத்தான் இருக்கும், அதுவும் தேவைப்பட்டால்தான்.

பெயிண்ட் கடைசி. ரெக்கார்டின் நிறம் நீலம். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, மேலே நீல எனாமல் இரண்டு பூச்சு. தண்டு, அது ஓடும் பள்ளம், தகட்டுப் படுகை, சுழலும் அடித்தட்டு இருந்தால் அதன் உராயும் முகம், இவை எதிலும் பெயிண்ட் படக் கூடாது. பழைய நீலம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பூசவே வேண்டாம் என்பேன். சுத்தம் செய்து வேகவைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும். சேர்க்கிறவர்கள் அசல் பெயிண்ட்டுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள்.

மாட்டுவதில் இரண்டு விஷயம். வைஸின் நிலையான தாடை மேசை விளிம்பைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். உயரத்துக்கு ஃபிட்டர்களின் பழைய கணக்கு: வைஸ் தாடையின் மேல் முழங்கையை ஊன்றினால் மடக்கிய முஷ்டி உங்கள் முகவாய்க்கட்டையைத் தொட வேண்டும். மேசைப் பலகை கோணலாக இருந்தால் போல்ட்டை இறுக்கும்போதே வைஸின் காது உடையும், அதனால் அடியில் தகடு வைத்துச் சமப்படுத்திவிட்டு இறுக்குங்கள்.

சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். நம் ஊரில் மூடிய மில்கள், பழைய லேத் பட்டறைகள், அவற்றின் சாமான்களை மொத்தமாக எடுக்கும் பழைய இரும்புக் கடைகள், இவைதான் இடம். ரெக்கார்டை அடுத்து நான் தேடுவது பார்க்கின்சன். யார்க்‌ஷயரின் ஷிப்லியில் செய்தது, 'பெர்ஃபெக்ட் வைஸ்' என்று பெயர். சின்ன நெம்பு ஒன்றை அழுத்தினால் பாதி நட் ஸ்பிண்டிலை விட்டு விலகி, தாடை சரேலென்று ஓடும். விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மரை ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் செங்குத்தாக இருக்கும். வாங்கும்போது ஒரு கட்டையைப் பிடித்து முழு பலத்தில் இறுக்கிப் பாருங்கள், டக்கென்று குதித்தால் பாதி நட் தேய்ந்திருக்கிறது. தகடு இல்லாத வைஸுக்குப் பேரம் பேசி வாங்கலாம், நட் இல்லாததற்கு இன்னும் குறைத்துக் கேட்கலாம், சுழலும் அடித்தட்டு தொலைந்ததை அது இல்லாமலே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சம்மட்டி போடும் வேலை உங்களுக்கு இருந்தால் கொல்லுப் பட்டறைகளில் இருக்கும் காலுள்ள வைஸ் ஒன்றைத் தனியாகத் தேடுங்கள். அது அடித்துச் செய்த இரும்பு, அடியைக் கால் வழியாகத் தரைக்கு அனுப்பிவிடும். ரெக்கார்டில் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது வில்டன் மீது. 1941-ல் ஹ்யூகோ வோகல் சிகாகோவில் தொடங்கியது. பின்பக்கம் தோட்டா வடிவத்தில் மூடியிருப்பதால் ஸ்பிண்டிலுக்குத் தூசியே போகாது. அதன் தண்டுக்கு அடியில் ஒரு மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அதைச் செய்த தேதி என்று நினைத்து விற்கிறவர்கள் உண்டு. பழைய வில்டன்களில் அது ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி, ஐந்தைக் கழித்தால்தான் வயது கிடைக்கும். கனெக்டிகட்டின் மெரிடன் ஊரில் செய்த சார்லஸ் பார்க்கர் வைஸ்களும் அங்கே மதிப்புள்ளவை. இவற்றை அங்கிருந்து வரவழைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வைஸ் விலையைவிடக் கப்பல் கூலி அதிகமாகும், சுங்கம் தனி. அந்தக் காசுக்கு இங்கேயே நல்ல ரெக்கார்டு ஒன்றும், தேய்ந்த பார்க்கின்சன் ஒன்றும், அதற்கு ஒரு புது நட்டும் வாங்கிவிடலாம்.